நாய் சாக்லேட் தின்றுவிட்டால்: முதல் ஒரு மணி நேரமும் அடுத்த மூன்று நாளும்

உங்கள் நாய் இப்போதுதான் சாக்லேட்டைத் தின்றிருக்கிறது, பதறிப்போய் இதைத் திறந்திருக்கிறீர்கள் என்றால் முழுவதையும் படிக்க வேண்டாம். நாயின் எடை எவ்வளவு, தின்றது எந்தச் சாக்லேட், எத்தனை மணிக்குத் தின்றது, இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். கிழிந்த ரேப்பரைக் கையில் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவருக்குப் போன் போடுங்கள். நாய் வாலாட்டிக்கொண்டு நன்றாகத்தானே இருக்கிறது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். மீதியை டாக்டரிடம் பேசிய பிறகு படித்துக்கொள்ளலாம்.

நான் ஊட்டியில் 22 வருடமாக வீட்டில் சாக்லேட் செய்து விற்கிறேன். இங்கே அடிக்கிற குளிருக்குச் சாக்லேட் ஃப்ரிட்ஜ் இல்லாமலே இறுகிவிடும். அதனால் எங்கள் வீடுகளில் அது மேசைமேலும் அலமாரித் தட்டிலும் தட்டுத் தட்டாகத் திறந்தேதான் கிடக்கும். அதே வீட்டில்தான் செம்பியும் வளர்கிறாள். செம்பட்டை நிறத்தில் ஒரு நாட்டு நாய், அப்போது 14 கிலோ.

இரண்டு வருடத்துக்கு முன் கிறிஸ்துமஸ் ஆர்டர் மும்முரத்தில், மறுநாள் காலையில் உருக்குவதற்காக 400 கிராம் டார்க் சாக்லேட்டை வெட்டி, எடை போட்டு, தட்டில் பரப்பிவிட்டுச் சாப்பிடப் போனேன். சமையலறைக் கதவின் கொக்கி சரியாக விழவில்லை. இராத்திரி 9.45-க்குத் திரும்பி வந்தால் தட்டு தரையில் கிடக்கிறது, செம்பி மூக்கெல்லாம் பழுப்பு. சிதறிக் கிடந்ததைக் கூட்டி அள்ளித் தராசில் வைத்தேன். 280 கிராம். அப்படியென்றால் 120 கிராம் உள்ளே போயிருக்கிறது. வெள்ளித்தாளும் பாதியைக் காணோம்.

என் வீட்டுக்காரர், "தெரு நாய்ங்க எதை எதையோ திங்குது, ஒண்ணும் ஆகாது, காலையில பாத்துக்கலாம்" என்றார். அவர் சொன்னதில் எனக்குக் கோபமில்லை. அந்த நேரத்தில் செம்பியைப் பார்த்த யாரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். துள்ளிக்கொண்டிருந்தாள். நான் போன் போட்ட டாக்டர் கேட்டது மூன்றே கேள்வி: எத்தனை கிலோ நாய், எத்தனை கிராம், பாலா டார்க்கா. சொன்னேன். ஒரு நொடி கணக்குப் போட்டார். "அம்மா, காலை வரைக்கும் வைக்காதீங்க. இப்பவே தூக்கிட்டு வாங்க." அவ்வளவுதான்.

அவர் போட்ட அந்தக் கணக்கை நாய் வளர்க்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். சின்னக் கணக்குதான்.

சாக்லேட்டில் நாய்க்கு ஆகாத முக்கியமான பொருள் தியோப்ரோமின். கோகோ விதையிலேயே இருப்பது. கூடவே கொஞ்சம் காஃபினும் உண்டு. கோகோ எவ்வளவு அதிகமோ, விஷமும் அவ்வளவு அதிகம். ஒரு கிராம் பால் சாக்லேட்டில் சுமார் 2 மில்லிகிராம் தியோப்ரோமின். சாதாரண டார்க் சாக்லேட்டில் சுமார் 5. அட்டையில் 70 சதவீதம் கோகோ, அதற்கு மேல் என்று போட்டிருந்தால் 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை சேர்க்காத சமையல் சாக்லேட்டில் 15 வரை போகும். கோகோ பவுடர்தான் எல்லாவற்றுக்கும் மேலே, கிராமுக்கு 20-இலிருந்து 28 வரை. வெள்ளைச் சாக்லேட்டில் அநேகமாக இல்லை. அதில் வேறு தொல்லை உண்டு, பிறகு சொல்கிறேன். எங்கள் தொழிலில் அதிகம் புழங்கும் டார்க் கம்பவுண்ட் கட்டி, கோகோ பவுடரையும் தாவரக் கொழுப்பையும் சேர்த்துச் செய்தது. விலை மலிவு என்பதால் விஷமும் குறைவு என்று நினைக்கக் கூடாது. நான் அதையும் டார்க் கணக்கிலேயே சேர்ப்பேன்.

தின்ற கிராமை அந்த எண்ணால் பெருக்கி, நாயின் எடையால் வகுங்கள். விடை 20-ஐ எட்டினால் வாந்தி, வயிற்றுப்போக்கு, நிலைகொள்ளாமல் அலைவது எல்லாம் ஆரம்பிக்கும். 40-இலிருந்து 50-க்குள் வந்தால் இதயம் பாதிக்கப்படும். 60-ஐத் தாண்டினால் வலிப்பு வரலாம். 100-க்கு மேல் உயிருக்கே ஆபத்து. இவை பொதுவான அளவுகள். வயதான நாய், இதய நோய் உள்ள நாய், சினையாக இருக்கும் நாய் என்றால் இந்த எல்லைகளை நம்பிச் சும்மா இருக்க முடியாது.

செம்பிக்குப் போட்டுப் பாருங்கள். 120 கிராமை 5-ஆல் பெருக்கினால் 600 மில்லிகிராம். 14 கிலோவால் வகுத்தால் 43. டாக்டர் ஏன் காலை வரை வேண்டாம் என்றார் என்பது புரியும்.

நாயின் அளவு எவ்வளவு வித்தியாசம் செய்கிறது என்றும் பாருங்கள். 40 கிராம் பால் சாக்லேட் ஒன்றை 30 கிலோ லாப்ரடார் விழுங்கினால் கிலோவுக்கு 3 மில்லிகிராம்கூட வராது. அதே சாக்லேட்டை 3 கிலோ பொமரேனியன் தின்றால் 27. அது டார்க்காக இருந்தால் 67, வலிப்பு வரும் அளவு. பிறந்தநாள் கேக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோ சாக்லேட் கேக்குக்கு நான் 60 கிராம் கோகோ பவுடர் போடுவேன். 100 கிராம் துண்டில் 6 கிராம். கிராமுக்கு 25 என்று வைத்தால் 150 மில்லிகிராம். அந்தப் பொமரேனியனுக்கு அது கிலோவுக்கு 50. குழந்தை பாசத்தோடு ஊட்டிவிடும் ஒரே ஒரு துண்டு கேக் இது.

எத்தனை கிராம் தின்றது என்று சரியாகத் தெரியாவிட்டால் அதிகபட்சத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 150 கிராம் டப்பா காலி, இரண்டு நாய்கள் வீட்டில், யார் தின்றது என்று தெரியவில்லை என்றால், இரண்டுக்கும் தனித்தனியே 150 என்று கணக்குப் போட்டு இரண்டையும் தூக்கிக்கொண்டு போங்கள். நாயின் எடை தெரியாவிட்டால் வீட்டுத் தராசில் நாயைத் தூக்கிக்கொண்டு ஏறி நில்லுங்கள், பிறகு தனியாக நில்லுங்கள், கழித்துவிடுங்கள்.

கணக்கு 20-க்குக் கீழே, சின்ன அளவு என்று வந்தாலும் ஒரு போன் செய்து டாக்டரிடம் கேட்டுக்கொள்வதுதான் என் பழக்கம். "வீட்டிலேயே வைத்துப் பாருங்கள்" என்று அவர் சொன்னால் நிம்மதியாகத் தூங்கலாம்.

சரி, ஏன் இந்த அவசரம்? தியோப்ரோமினுக்கு முறிவு மருந்து கிடையாது. உள்ளே போனது இரத்தத்தில் கலப்பதற்கு முன் வெளியே எடுப்பதுதான் முதல் வழி. தின்று இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோனால் டாக்டர் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைப்பார். சாக்லேட் வயிற்றில் உருகி ஒரு கட்டியாக ஒட்டிக்கொண்டு கிடக்கும் என்பதால் சில சமயம் அதற்குப் பிறகும் பலன் கிடைப்பதுண்டு, அதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். அறிகுறிகளோ பெரும்பாலும் 6 மணி நேரத்திலிருந்து 12 மணி நேரத்துக்குள்தான் முழுதாகத் தெரியும். நாய் துள்ளி விளையாடுகிற நேரம்தான் காப்பாற்றுவதற்கு நல்ல நேரம். நடுங்க ஆரம்பித்த பிறகு வாந்தி எடுக்க வைப்பதே ஆபத்து.

நாங்கள் 10.20-க்குப் போய்ச் சேர்ந்தோம். ஊசி போட்ட சில நிமிடத்தில் செம்பி பழுப்புக் கூழாக வெளியே தள்ளினாள், வெள்ளித்தாள் சுருண்டு சுருண்டு வந்தது. அந்தத் தாள் குடலில் போய் அடைத்துக்கொள்ளும் என்பதும் ஒரு பயம். பிறகு மருத்துவக் கரிக் கரைசல் கொடுத்தார்கள். வயிற்றிலும் குடலிலும் மிச்சமிருப்பதை அது பிடித்துக்கொள்ளும். அப்புறம் டிரிப்ஸ்.

இவ்வளவு செய்தும் நள்ளிரவு தாண்டி 2 மணிக்கு அவள் இதயம் நிமிடத்துக்கு 170 அடித்தது. நான்தான் எண்ணினேன். இடது முன்னங்காலின் முழங்கை மார்பைத் தொடும் இடம் இருக்கிறதல்லவா, அதற்குச் சற்றுப் பின்னால் உள்ளங்கையை வைத்தால் துடிப்பு தெரியும். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டும். அவள் சும்மா படுத்திருக்கும்போது 90-க்குள்தான் இருக்கும். அன்றைக்கு என் கைக்குக் கீழே ஒரு சிட்டுக்குருவியைப் பிடித்து வைத்த மாதிரி இருந்தது. பின்னங்கால் தொடை தனியாக நடுங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் இதய வேகத்தைக் குறைக்க ஒரு மருந்து போட்டார். வலிப்பு வந்தால் கொடுக்க இன்னொன்றைத் தயாராக எடுத்து வைத்தார். நல்லவேளை, அது தேவைப்படவில்லை.

உடம்புக்குள் நடப்பது இதுதான். மூளையையும் இதயத்தையும் "கொஞ்சம் நிதானம்" என்று அடக்கி வைக்கும் அடினோசின் என்ற பொருள் நம் உடம்பிலும் நாயின் உடம்பிலும் உண்டு. அது போய் உட்கார வேண்டிய இடத்தில் தியோப்ரோமின் உட்கார்ந்துகொள்கிறது. அடக்குவதற்கு ஆள் இல்லாமல் போவதால் எல்லாம் தறிகெட்டு ஓடுகிறது. நமக்கும் இது நடக்கத்தான் செய்கிறது. ஆனால் நம் கல்லீரல் அதைச் சீக்கிரம் கழித்துவிடும். நாயின் உடம்பில் பாதி கழிவதற்கே 17.5 மணி நேரம் ஆகும். வெள்ளி இரவு 9.30-க்கு 600 மில்லிகிராம் தின்ற நாய்க்கு வைத்தியமே செய்யாவிட்டால் சனி மாலை 3 மணிக்கு 300 மிச்சம், ஞாயிறு காலை 8.30-க்கும் 150 மிச்சம். தினமும் "கொஞ்சூண்டு" கொடுப்பதும் தவறு என்பதற்குக் காரணம் இதுதான். நேற்றைய துண்டு முழுதாகப் போகும் முன்னே இன்றைய துண்டு வந்து சேர்கிறது.

வீட்டு வைத்தியத்துக்கு வருகிறேன், ஏனென்றால் என்னைக் கேட்பவர்களில் பாதிப் பேர் இதைத்தான் கேட்கிறார்கள். உப்புத் தண்ணீர் கரைத்து ஊற்றாதீர்கள். வாந்தி வராமல் உப்பு உள்ளே தங்கினால் இரத்தத்தில் உப்பு ஏறி அதுவே நாயைக் கொன்றுவிடும். தொண்டைக்குள் விரலை விடாதீர்கள். கடுகு, எண்ணெய், நெய், பால் எதுவும் விஷத்தை முறிக்காது. அடுப்புக்கரியைப் பொடித்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். மருத்துவக் கரி வேறு, அடுப்புக்கரி வேறு. வாந்தி எடுக்க வைக்கலாமா, எதைக் கொண்டு என்பதை டாக்டர் சொன்னால் மட்டும் செய்யுங்கள். ஏற்கெனவே நடுங்குகிற, மயங்குகிற நாய்க்கும், பக் மாதிரி மூக்கு சப்பையான நாய்க்கும் வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும் அபாயம் உண்டு.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகும் வேலை முடிவதில்லை. அறிகுறிகள் 72 மணி நேரம் வரைகூட நீடிக்கலாம். எங்களுக்கு டாக்டர் அழுத்திச் சொன்ன விஷயம் ஒன்று: அடிக்கடி வெளியே கூட்டிப் போய்ச் சிறுநீர் கழிக்க விடுங்கள். தியோப்ரோமின் சிறுநீரில் இறங்கும், ஆனால் சிறுநீர்ப்பையில் தேங்கி நின்றால் அங்கிருந்தே மறுபடியும் இரத்தத்துக்குள் உறிஞ்சப்படும். இதை அதுவரை நான் கேள்விப்பட்டதேயில்லை. அந்த இரண்டு நாளும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, உறைபனி விழுந்த புல்லில், தோளில் கம்பளியோடு செம்பியைக் கூட்டிக்கொண்டு நின்றேன். தண்ணீர்க் கிண்ணம் எப்போதும் நிறைந்திருக்கட்டும். வீட்டில் டிவி சத்தத்தைக் குறையுங்கள், குழந்தைகளைத் தள்ளி இருக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே முறுக்கேறி இருக்கிற நரம்புக்கு ஒரு சின்னச் சத்தமே போதும். மூச்சிரைப்பு அதிகமானால், உடம்பு சூடானால், கால்கள் விறைத்தால், விழுந்தால் உடனே திரும்பக் கொண்டுபோங்கள்.

சாப்பாட்டுக்கு முதலில் குழைந்த சோறு, தோல் எடுத்து வேகவைத்த கோழி, கொஞ்சம் கொஞ்சமாக. கொழுப்பு வேண்டவே வேண்டாம். வெள்ளைச் சாக்லேட்டில் தொல்லை உண்டு என்றேனே, அது இதுதான். சாக்லேட்டில் இருக்கும் கொழுப்பு கணையத்தை வீங்க வைக்கும். இரண்டு மூன்று நாள் கழித்து நாய் முதுகை வளைத்துக்கொண்டு, வயிற்றைத் தொட விடாமல், மறுபடியும் வாந்தி எடுத்தால் "அதுதான் சரியாகிவிட்டதே" என்று விட்டுவிடாதீர்கள். அது வேறு நோய், அதற்கும் வைத்தியம் வேண்டும்.

அட்டையின் பின்பக்கத்தைப் படிக்கச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. உலர்திராட்சை போட்ட சாக்லேட் என்றால் நான் போட்ட கணக்கெல்லாம் செல்லாது. திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், எத்தனை தின்றால் ஆபத்து என்று யாரும் எல்லை சொல்ல முடியாது. சில நாய்களுக்கு நாலைந்தே போதும். சர்க்கரை சேர்க்காதது என்று விற்கிற சாக்லேட்டில் சைலிடால் என்ற மாற்று இனிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றிலும் இருக்காது. இருந்தால் அரை மணி நேரத்திலேயே நாயின் இரத்தச் சர்க்கரை தரைக்கு இறங்கிவிடும், பிறகு கல்லீரலும் போகும். டாக்டரிடம் முதல் வாக்கியத்திலேயே அதைச் சொல்லிவிடுங்கள்.

நம் வீடுகளில் இன்னொன்று: காபிச் சக்கை. டிகாக்‌ஷன் இறக்கிய சக்கையை ரோஜாத் தொட்டியில் கொட்டுவோம், நாய் அதைத் தோண்டித் தின்னும். காஃபினும் தியோப்ரோமினும் ஒரே குடும்பம்தான். காஃபின் இன்னும் சீக்கிரம் வேலையைக் காட்டும். நான் இப்போது சக்கையை மூடி போட்ட வாளியில்தான் சேர்த்து வைக்கிறேன்.

நாய்க்கு இனிப்புச் சுவை நன்றாகத் தெரியும், மூக்கு நம்மைவிடப் பல மடங்கு கூர்மை. "அது தொடாது" என்று நம்பி எதையும் வைக்க முடியாது. அந்த இரவுக்குப் பிறகு என் சமையலறைக் கதவில் இரண்டு தாழ்ப்பாள்: ஒன்று மேலே, ஒன்று கீழே. கோகோ பவுடர் திருகு மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில், மேல் தட்டில். தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் வரும் பரிசுப் பெட்டிகளை வந்தவுடன் பிரித்து பீரோவில் வைத்துவிடுவேன். வண்ணத்தாள் சுற்றிய பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாவிட்டாலும் நாய்க்குத் தெரியும். வீட்டுக்கு வரும் விருந்தாளிகளின் கைப்பை, குழந்தைகளின் பள்ளிக்கூடப் பை, இவையும் தரையில் கிடக்கக் கூடாது.

குழந்தைகளிடம் "நாய்க்குக் கொடுக்காதே" என்று மட்டும் சொன்னால் பலிக்காது, ரகசியமாகக் கொடுப்பார்கள். கொடுப்பதற்கு வேறு ஒன்றைக் கையில் வையுங்கள். என் பேத்திக்கு நான் வேகவைத்த கேரட் துண்டுகளை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அது செம்பியின் மிட்டாய் டப்பா. செம்பிக்கும் அந்த மூடி திறக்கும் சத்தம் தெரியும்.

ஊட்டிக்கு வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஏப்ரல், மே மாதங்களில் ஏரிக்கரையிலும் பூங்கா வாசலிலும் தெருநாய்கள் கால் பக்கத்தில் வந்து உட்கார்ந்து முகத்தையே பார்க்கும். கையில் சாக்லேட் பெட்டி இருக்கும், மனசு இளகும், ஒன்றை எடுத்துப் போடுவீர்கள். உங்களுக்குப் பின்னால் வருகிறவரும் போடுவார், அவருக்குப் பின்னால் வருகிறவரும் போடுவார். ஒரே நாய்க்கு ஒரு பகலில் எத்தனை துண்டு போய்ச் சேர்கிறது என்று யாருக்கும் தெரியாது. இரவில் அது நடுங்கினால் தூக்கிக்கொண்டு ஓட வீடும் இல்லை. திராட்சை இல்லாத வெறும் பன்னோ ஒரு வேகவைத்த முட்டையோ வாங்கிப் போடுங்கள். என்னிடம் சாக்லேட் வாங்குகிறவர்களிடம் பெட்டியைக் கட்டும்போதே இதைச் சொல்லித்தான் அனுப்புகிறேன்.

கடைசியாக ஒரு வேலை, இன்றைக்கே செய்துவிடலாம். ஒரு தாளில் உங்கள் நாயின் எடை, அது அமைதியாகப் படுத்திருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு எத்தனை அடிக்கிறது, பகலில் பார்க்கும் டாக்டரின் எண், இரவில் யார் போன் எடுப்பார் என்று கேட்டு அவருடைய எண், ஆட்டோ ஓட்டும் ஒரு தெரிந்தவரின் எண், இவற்றை எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். ஒவ்வொரு மாதமும் எடையைத் திருத்துங்கள். எங்கள் வீட்டுத் தாளில் பழைய எண்களை அடித்து அடித்து இடமே இல்லாமல் போய், போன வாரம்தான் புதுத் தாள் ஒட்டினேன். செம்பி, 14.6 கிலோ, 88 துடிப்பு.